மிரட்டலைப் படிச்சவன்தான் முதல் எதிரி

இருபத்தேழு வயசுல ரிட்டயர் ஆனவன் எழுதற அனுபவக் கட்டுரை இது. சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுக்கோங்க. பின்னாடி சிரிக்க அவ்வளவா எடம் இருக்காது.

ரிட்டயர்தான். ராஜினாமாவும் இல்ல, டிஸ்மிஸும் இல்ல. நான் பாத்த வேலையே செத்துப்போச்சு, அவ்வளவுதான். கொல்லிமலை மேல ஒரு தகவல் மையத்துல கம்ப்யூட்டர் ஆபரேட்டரா இருந்தேன். ஒரு டிரஸ்ட் நடத்துன மையம் அது. ஆளாளுக்குக் கையில போன் வந்ததும் ஷட்டர இழுத்து விட்டுட்டாங்க.

எதுக்கு இப்ப இதன்னா, நம்ம காலேஜ் மெயில் குரூப்ல ஓடற சண்டைக்காக. நெட்ல மிரட்டறவனையும் உள்ள தள்ற மாதிரி சட்டத்த இறுக்கறாங்கன்னு ஒருத்தன் செய்தி போட்டான். உடனே ஜூனியர் பசங்க குதிக்கறானுங்க. "கொன்னுடுவேன்னு டைப் பண்றவன் எல்லாம் கொல்லவா போறான்? கடுப்புல அடிக்கறது. அதுக்குப் போய் ஜெயிலா? ஓவரா இல்ல? புடிக்கலன்னா டெலிட் பண்ணு மச்சி." அதுல ஒருத்தன் என்னையே கேட்டான், "அண்ணா, நீங்க நெட் சென்டர்ல குப்பை கொட்டுன ஆளாச்சே, சொல்லுங்க"ன்னு.

சொல்றேன். ஆனா ஒரு வரில சொல்ல முடியாது.

எங்க ஊரு மலையடிவாரம், காளப்பநாயக்கன்பட்டி. கொஞ்சம் காடு, ஒரு கெணறு, எங்கப்பாவோட திட்டு, இதான் குடும்பச் சொத்து. ராசிபுரத்துல பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சேன். பெங்களூருக்குப் போனேன், ஒரு கம்பெனியும் எடுக்கல, திரும்பி வந்தேன். மூணு வருச படிப்பப் பத்தி சொல்ல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. "மேல மலைல கம்ப்யூட்டர் வச்சிருக்காங்களாம், போயேன்டா"ன்னு எங்கம்மாதான் தள்ளி விட்டாங்க.

மையம்னா பெருசா நெனைக்காதீங்க. ஓட்டுக் கட்டடம், ரெண்டு கம்ப்யூட்டர், அதுல ஒண்ணு எப்பவும் சீக்கு. டெலிபோன் லைன்ல நெட். மழை வந்தா நெட்டு போயிடும், நெட்டு வந்தா கரண்டு போயிடும். வர்ற சனம் யாரும் தானா உக்காந்து தட்டாது. மிளகு வெல என்ன, பரீட்சை ரிசல்ட் என்ன, கலெக்டருக்கு மனு அனுப்பணும், இப்படித்தான் வருவாங்க. நாந்தான் தட்டணும், நாந்தான் படிச்சுச் சொல்லணும்.

படிச்சுச் சொல்றதுக்கு எங்க மேனேஜர் ஒரு முறை வச்சிருந்தாரு. இத நல்லா கேட்டுக்கோங்க, கதையே இங்கதான் இருக்கு.

மேனேஜருக்கு அம்பது வயசுக்கு மேல. வெள்ளைச் சட்ட, கை மடிப்பு கலையாது. சத்தமே போட மாட்டாரு, திட்டறதுன்னாலும் "சாமி"ன்னுதான் ஆரம்பிப்பாரு. நாம டைப் பண்றப்ப பின்னாடி வந்து நின்னு, மாட்டு நெத்தியத் தடவற மாதிரி மானிட்டர் மேல உள்ளங்கைய வப்பாரு. அது சூடா இருக்கான்னு பாக்கறாரா, நம்மள வேவு பாக்கறாரான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல.

அவரோட சட்டம் இது. ஆள ஸ்டூல்ல உக்கார வைக்கணும். மெயில தொறக்கணும். மொத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் சத்தமா படிக்கணும். சுருக்கக் கூடாது, நம்ம வார்த்தைய சேக்கக் கூடாது, மூஞ்சில ஒண்ணும் காட்டக் கூடாது. படிச்சு முடிச்சதும் "பதில் போடணுமாங்க?"ன்னு கேக்கணும். அவங்க சொல்றத அப்படியே அடிக்கணும், அடிச்சத திருப்பிப் படிச்சுக் காட்டணும், "சரி"ன்னு அவங்க வாயால சொன்னாத்தான் அனுப்பணும்.

"சாமி, உன் வாய் உன்னுது இல்ல. அவங்க கண்ணு. நீ ஒரு வார்த்தைய முழுங்கினா அவங்க கண்ணக் குத்தறேன்னு அர்த்தம்." சேந்த மொத நாள் அவரு சொன்னது இது. எனக்குச் சிலிர்த்துப் போச்சு. இந்த ஆளு பின்னாடி என்ன பண்ணுனாருன்னு வரும், இருங்க.

செல்லாயி அக்கா மலை மேலயே வளப்பூர் நாடுங்கற ஊர்க்காரங்க. கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் மிளகு, ரெண்டு பலா மரம். வாய் ஜாஸ்தி. மையத்துக்கு வந்தாலே என்னத்தையாவது சொல்லி என்னைக் கலாய்ப்பாங்க. "ஏங்கண்ணு, இந்தப் பொட்டிக்குள்ள ஊரு உலகமெல்லாம் இருக்குதுங்கற, உனக்கு ஒரு பொண்ணு இல்லயா அதுக்குள்ள?" அந்த ரேஞ்சு.

மரவள்ளி ஏத்தற லாரிங்க இருக்கே, மூட்டை மேல ஆளையும் ஏத்திக்கிட்டுத்தான் மலை எறங்கும். பஸ்ஸு கம்மி, சந்தைக்குப் போயாகணும், சனம் ஏறிக்கும். அப்படிப் போன ஒரு லாரி ஒரு கொண்டை ஊசி வளைவுல சாஞ்சதுல அக்காவோட தம்பி போயிட்டான். மூட்டைக்கடியில இருந்து எடுத்தாங்க. லாரி ஓனர் கீழ அடிவாரத்து ஆளு. துக்கம் விசாரிச்சாரு, வெத்தல போட்டாரு, போயிட்டாரு. அடுத்த வாரம் அதே மாதிரி லாரி, அதே மாதிரி மூட்டை, மேல சனம்.

அக்கா மையத்துக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்தாங்க. அன்னைக்குக் கலாய்க்கல.

"எழுது கண்ணு. கலெக்டருக்கு. லோடு மேல ஆளு ஏத்தக் கூடாது. எங்களுக்கு இன்னொரு பஸ்ஸு விடணும். அந்த லாரிய ஓட்ட விடக் கூடாது."

நாந்தான் அவங்க பேர்ல ஒரு மெயில் ஐடி தொறந்தேன். பாஸ்வேர்டு என்ன வைக்கன்னு கேட்டேன். தம்பி பேர வைக்கச் சொன்னாங்க. மனு போச்சு. ஆச்சரியம், பதிலும் வந்துச்சு. மனு கோட்டாட்சியர் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கு, விசாரணைக்குத் தேதி வரும்னு. அக்கா அந்த பிரிண்ட்ட மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு ஊரெல்லாம் காமிச்சாங்க. மனு ஒரு ஆபீஸ்ல இருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போச்சுல்ல, அது கூடவே மெயில் ஐடியும் போச்சு. எந்த மேசைல யாரு எட்டிப் பாத்தானோ.

ஒரு வாரம் ஆச்சு. அக்கா வந்தாங்க, தொறந்தேன். தெரியாத ஐடி, பேரு கெடையாது. தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்தான். படிக்க ஆரம்பிச்சப்ப எனக்கே புரியல, வாய்விட்டுப் படிச்சாத்தான புரியும். சத்தமா படிச்சேன். மையத்துல அப்ப நாலஞ்சு பேரு இருந்தாங்க.

"செல்லாயி. உன் தம்பி போன எடத்துக்கே நீயும் போவ. விசாரணைக்குக் கெளம்பிப் பாரு. நீ ஏறற வண்டி மலை எறங்காது."

படிச்சு முடிச்சப்புறந்தான் என்ன படிச்சேன்னு எனக்கே ஒறச்சுது. பழக்க தோசத்துல அடுத்த வரியும் வாயில வந்துருச்சு. "பதில் போடணுமாங்க?"

அக்கா என் மூஞ்சியப் பாத்தாங்க. கம்ப்யூட்டரப் பாக்கல, என்னைப் பாத்தாங்க.

"மறுபடி படி கண்ணு."

மறுபடி படிச்சேன். மேனேஜர் கை மானிட்டர் மேல இருந்துச்சு, எடுத்துட்டாரு.

ஸ்டேஷனுக்குப் போனோம், நானும் அக்காவும். பிரிண்ட் எடுத்துக்கிட்டேன். அந்த மெயிலு எந்த லைன்ல இருந்து வந்துச்சுன்னு உள்ளாற ஒரு நம்பர் இருக்கும், அதையும் எடுத்துக்கிட்டேன். பெரிய துப்பறியும் புலி மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனேன், கேவலமா இருக்கு இப்ப நெனச்சா.

அங்க மனு வாங்கி எழுதறவரு ஒரு ஏட்டு. கெட்டவரு இல்ல, அதையும் சொல்லணும். அக்காவுக்கு நாற்காலி போட்டாரு, டீ சொன்னாரு. அவருக்குன்னு ஒரு வரிசை இருக்கு கேள்வி கேக்கறதுக்கு. அந்த வரிசைலதான் கேப்பாரு.

"ஏம்மா, மிரட்டுனது யாரு?"

"தெரியலைங்க."

"சரி, எந்த எடத்துல வச்சு?"

"மையத்துலங்க."

"நேர்ல பாத்த சாட்சி?"

"நெறைய பேரு இருந்தாங்கங்க."

"என்ன வார்த்த சொன்னாங்கன்னு அப்படியே சொல்லு."

அக்கா ஒரு எழுத்து விடாம சொன்னாங்க. ஏட்டு எழுதிக்கிட்டாரு.

"இத யாரு வாயில இருந்து கேட்ட?"

அக்கா கொஞ்சம் யோசிச்சாங்க. பொய் சொல்லத் தெரியாத பொம்பள. என்னைக் கை காட்டுனாங்க.

"இந்தப் புள்ள வாயில இருந்துங்க."

ஏட்டு பேனாவ கீழ வச்சாரு. சிரிப்பு அவருக்கு வயித்துல இருந்து வந்துச்சு.

"தம்பி, கேஸு போட்டேன்னு வை, முதல் எதிரி, அதான் ஏ-ஒன் குத்தவாளி, நீதான்யா. சம்பவ எடம் உன் மையம். சொன்ன வாய் உன் வாய். நாலு பேரு சாட்சி. இவ்வளவு சுத்தமான கேஸு எனக்கு வந்ததே இல்ல."

"சார், நான் படிச்சேன் சார். எழுதினவன் வேற."

"அவன் எங்க இருந்து எழுதுனான்?"

"இந்த நம்பர வச்சுக் கேட்டா லைன் யாருதுன்னு கம்பெனிக்காரன் சொல்லுவான் சார். நீங்க ஒரு லெட்டர் போட்டா போதும்."

"கீழ இருந்தா?"

"அநேகமா கீழதான் சார்."

"கீழன்னா அது கீழ ஸ்டேஷன் எல்லை. அங்க போ."

கீழ போனோம். அங்க இருந்தவரு கேட்டாரு, "மிரட்டல எங்க வச்சுக் கேட்டாங்க?" மேலங்க. "மேலன்னா மேல ஸ்டேஷன்ல குடு." மேல வந்தோம். மறுபடியும் அதே ஏட்டு, மறுபடியும் டீ. எறங்கி ஏறுனதுல எனக்கு வாந்தி. அக்காவுக்கு ஒண்ணும் ஆகல, அவங்க அப்ப இன்னும் பஸ்ஸுல போயிட்டிருந்தாங்க.

கடைசியில மனு வாங்கிக்கிட்டோம்னு ஒரு ரசீது குடுத்தாரு. கேஸு இல்ல, ரசீது. லாரி ஓனரக் கூப்பிட்டு விசாரிச்சாங்களாம். "எனக்கு டிவியே எம்மகன்தாங்க போட்டு விடுவான், கம்ப்யூட்டருக்கு நான் எங்கீங்க போவேன்"னாராம். விசாரண ஓவர்.

நான் கெளம்பறப்ப ஏட்டு தோள்ல கை போட்டு நல்ல மனசோட ஒரு யோசன சொன்னாரு. "தம்பி, நீயே சொல்லு. பொட்டிய ஆஃப் பண்ணிட்டா மிரட்டல் போயிருச்சா இல்லயா? கத்தியத் தூக்கிட்டு எவனாவது வந்தான்னா சொல்லு, ஜீப்ப எடுத்துட்டு நானே வர்றேன்."

டெலிட் பண்ணு மச்சி. கேட்ட மாதிரி இல்ல? அந்த ஏட்டு எந்த மெயில் குரூப்லயும் இல்ல, ஆனா நம்ம பசங்க சொன்ன அதே டயலாக்.

இப்ப வர்றேன் பஸ்ஸுக்கு.

அந்த மெயில்ல இருந்த விசத்த நான் மொதல்ல கவனிக்கவே இல்ல. "உன்னக் கொல்லுவேன்"னு அவன் எழுதல. "நீ ஏறற வண்டி மலை எறங்காது"ன்னு எழுதியிருந்தான். வண்டின்னா அதுல அக்கா மட்டுமா இருப்பாங்க?

மையத்துல கேட்ட நாலஞ்சு பேரு ஊருக்குப் போயி சொன்னாங்க. ஊரு அடுத்த ஊருக்குச் சொல்லுச்சு. அடுத்த தடவ அக்கா பஸ்ல ஏறி உக்காந்தாங்க. பக்கத்துல இருந்த பொம்பள மொள்ள எந்திரிச்சுப் பின்னாடி போயி நின்னுச்சு. முன்னாடி சீட்டுல ஒரு அம்மா புள்ளயத் தூக்கிட்டு எறங்கிருச்சு. யாரும் திட்டல.  கண்டக்டர் வந்து பல்லக் கடிச்சுக்கிட்டு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, நீங்க அடுத்த வண்டில வாங்களே"ன்னான். அடுத்த வண்டிலயும் ஒரு கண்டக்டர் இருப்பான்ல?

இந்த மலைல தெனம் போயி வர்ற சனத்துக்கு வளைவு பயம் எப்பவும் அடிவயித்துல இருக்கும். அதத்தான் அவன் தொட்டான். பிரேக்குல எவனாவது கை வச்சுட்டான்னா? எதுக்க வர்ற லாரி ஒதுங்காம வந்துச்சுன்னா? சனத்த நான் தப்பு சொல்ல மாட்டேன். நானே அவங்க கூட ஏறுனப்ப ஒவ்வொரு வளைவுலயும் கம்பியத்தான் புடிச்சிட்டிருந்தேன்.

விசாரணைக்குத் தேதி வந்துச்சு. சந்தை நாளாப் பாத்து வச்சிருந்தானுங்க. அக்கா போயே ஆகணும். ஆனா பஸ்ஸுல யாரு விடுவா?

அக்கா ஊருக்குத் தலைவரு, ஊர்க்கவுண்டரும்பாங்க, அவரு எனக்கு ஆள் அனுப்புனாரு. போனேன். கோயில் முன்னாடி ஊரே உக்காந்திருக்கு. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னே எனக்குத் தெரியல.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஒருத்தர் உசுர எடுப்பேன்னு எவனாவது வாய்விட்டுச் சொல்லிட்டா, அத கோவத்துல சொன்னேன்னு எல்லாம் தப்பிக்க முடியாது. சொன்ன சொல்லு கேட்டவங்க மேல ஏறி உக்காந்துரும்னு நெனைப்பு. சொன்னவன் கோயில் முன்னாடி வந்து மஞ்சத் தண்ணில வாயக் கொப்பளிச்சு, அத திருப்பி எடுத்துக்கணும். எடுக்கற வரைக்கும் ஊரே அவன் கூடப் பேசாது, அவன் ஊட்டுல தண்ணி குடிக்காது. கவனிங்க. செய்யறது அப்புறம், சொன்னதே குத்தம். ஏட்டுக்கு இல்லாத சட்டம் இவங்ககிட்ட இருந்துச்சு.

கவுண்டரு என்னைப் பாத்தாரு. "வா கண்ணு. சொன்னவன் வரமாட்டான், அவன் யாருன்னே தெரியாது. ஆனா சொன்ன வாய் இங்க இருக்குதல்ல?"

"எதுங்க?"

"உன்னுதுதான்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏனுங், நான் அத வாசிச்சேனுங்க, அவ்வளவுதான். தபால்காரன் சாவு சேதி கொண்டாந்தா அவனையா புடிப்பீங்க? நான் பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவனுங்க."

"அதனாலதான் சாமி, தண்ணிய வடிகட்டி வச்சிருக்குது. மூக்க மூடிக்கிட்டு கொப்பளி."

ஊரே சிரிச்சுது. அக்காவும் சிரிச்சாங்க, அத்தன நாளுக்கப்புறம். அவங்க சிரிச்சதப் பாத்ததும் என் வீம்பு எறங்கிருச்சு. இத செஞ்சா சனம் பஸ்ஸுல அவங்கள உக்கார விடும்னா செஞ்சுட்டுப் போறேன், என்ன கொறஞ்சு போச்சு? செம்புல இருந்து தண்ணி வாங்கிக் கொப்பளிச்சேன். கவுண்டரு சொல்லச் சொல்லச் சொன்னேன். "என் வாயில இருந்து போன சொல்லு என் வாய்க்கே திரும்பட்டும். இவங்க மேல நிக்க வேண்டாம்." அப்புறம் கேட்டவங்க சொன்னவன் வாயில இனிப்பு வைக்கணும். அக்கா ஒரு பலாச்சொளைய எடுத்து என் வாயில திணிச்சாங்க. "பொண்ணு கெடைக்கும் போ, வாய் சுத்தமாயிருச்சு"ன்னாங்க.

நெசமாவே வேலை செஞ்சுது. மறுநா அக்கா பஸ்ல ஏறுனாங்க, பக்கத்துல ஒரு அம்மா உக்காந்து மிளகு வெலையப் பத்திப் பேசிக்கிட்டே வந்துச்சாம். நாலு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒரு பட்டப் பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. ஏட்டு கடைத்தெருவுல பாத்தா "என்ன முதல் எதிரி, சாப்ட்டியா?"ம்பாரு.

விசாரணைக்கு முந்துன நாளு. அக்கா மையத்துக்கு வந்தாங்க, ஆபீஸ்ல இருந்து வேற சேதி ஏதும் வந்திருக்கான்னு பாக்க. சந்தைக்கும் முந்துன நாளுங்கறதால கூட்டம். தொறந்தேன்.

அதே ஐடி. அதே மெயிலு. ஒரு எழுத்து மாறல. பழச எடுத்து மறுபடி அனுப்பியிருந்தான். ஒரு தடவ இல்ல, வரிசையா கெடந்துச்சு, ஸ்க்ரீன் நெறைய.

என் மூஞ்சி மாறிருச்சு போல. மூஞ்சில காட்டக் கூடாதுங்கறதுதான ரூலு. அக்கா பாத்துட்டாங்க.

"அதேதானா கண்ணு?"

"அதேதான் அக்கா."

"எத்தன?"

"நெறைய அக்கா."

கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சு வெளிய போனாரு. அவரு பின்னாடி இன்னொருத்தர். அவ்வளவுதான், ஊருக்குப் போயிருச்சு.

அந்த வழக்கத்துல இருந்த ஓட்டை அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அது மனுசன் வாய்க்குன்னு பண்ணுனது. மனுசன்னா ஊருக்குள்ள இருப்பான், தண்ணிக்கு வந்தாகணும், பொண்ணு குடுக்கணும் எடுக்கணும், நாலு பேரு மூஞ்சில முழிக்கணும். இவனுக்கு மூஞ்சியே இல்ல. இவன் ஒரு பட்டன அழுத்துவான், நான் ஒவ்வொண்ணுக்கும் மஞ்சத் தண்ணி கொப்பளிக்கணுமா?

மேனேஜர் எல்லாத்தையும் பாத்துட்டு நின்னாரு. சாயங்காலம் ஒரு அட்டைய எடுத்து, அழகான கையெழுத்துல எழுதி, செவுத்துல மாட்டுனாரு. அவரு கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்.

"இங்கு மிரட்டல் கடிதங்கள் வாசிக்கப்பட மாட்டாது."

"சார், என்ன சார் இது?"

"சாமி, டிரஸ்டுக்குக் கெட்ட பேரு வருது. ஸ்டேஷன்லயும் சொல்றாங்க. இந்த மாதிரி வந்துச்சுன்னா அத விட்டுட்டு அடுத்தத படி."

"ஒரு வார்த்தைய முழுங்குனா அவங்க கண்ணக் குத்தறதுன்னீங்களே சார்?"

மானிட்டர் மேல கை வச்சாரு. "சூடா இருக்குது, ஆஃப் பண்ணு"ன்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

மறுநா காலைல மொத பஸ்ஸு. சந்தை கூட்டம், பலாப்பழம், வாழத்தாரு, கோழி, கால் வைக்க எடமில்ல. அக்கா அந்த மனுவோட பிரிண்ட்ட மஞ்சப் பையில வச்சுக்கிட்டு ஏறுனாங்க. நான் லீவு போட்டுட்டு கூடப் போனேன், இந்த மெயில எல்லாம் அதிகாரிகிட்ட காட்டலாம்னு.

அக்கா ஏறுனதும் பேச்சு நின்னுச்சு. அப்புறம் ஒரு பெரியவரு எறங்குனாரு. ஒரு பொண்ணு எறங்குச்சு, கூடவே அதோட மாமியா. பலாப்பழத்த மேல ஏத்துனவன் மறுபடி எறக்க ஆரம்பிச்சுட்டான். ஆனா அடுத்த பஸ்ஸு மதியந்தான், அதுக்குள்ள சந்தை கலைஞ்சுரும். எறங்குனவங்க போகவும் மனசில்லாம, ஏறவும் மனசில்லாம ரோட்டுல நின்னு அக்காவயே பாத்தாங்க. டிரைவர் இன்ஜின ஆஃப் பண்ணிட்டாரு. "ஒரு முடிவுக்கு வாங்க சாமிகளா"ன்னாரு.

நான் கத்துனேன். "ஏங்க, எவனோ ஒரு பொறுக்கி டைப் அடிச்சதுக்கு இப்படியா? அன்னைக்குக் கோயில்ல கொப்பளிச்சேன்ல?"

ஒரு அம்மா கீழ இருந்து கெஞ்சற மாதிரி சொல்லுச்சு, "நீ கொப்பளிச்ச சாமி. அவன் கொப்பளிக்கலியே."

 

அக்கா எந்திரிச்சாங்க. பைய அக்குள்ல வச்சுக்கிட்டாங்க. "எல்லாரும் ஏறுங்க. நேரமாவுது. எம் பொழப்புக்கு உங்க பொழப்பக் கெடுக்கவா?"

"அக்கா, விசாரணை?"

"வண்டிதான மலை எறங்காதுன்னான். காலு எறங்கும். நான் பழைய பாதைல நடந்து வாரேன். நீ போயி அந்த அய்யாகிட்ட செல்லாயி வந்துட்டே இருக்குதுன்னு சொல்லு கண்ணு. கொஞ்சம் இருக்கச் சொல்லு."

பஸ்ஸு கெளம்புச்சு. அந்த ஒத்தையடிப் பாதை ஆட்டுக்காரங்க மட்டும் போற பாதை, செங்குத்தா எறங்கும். ஜன்னல்ல இருந்து பாத்தேன், முழங்காலுக்கு மேல சேலைய ஏத்திச் சொருகிக்கிட்டு புதருக்குள்ள எறங்குனாங்க.

நாமக்கல் ஆபீஸ்ல அதிகாரி நேரத்துக்கு வந்துட்டாரு. லாரி ஓனரும் வந்துட்டாரு, நல்ல கார்ல. செல்லாயின்னு கூப்பிட்டாங்க. நான் எந்திரிச்சேன். "சார், அவங்க நடந்து வந்துட்டிருக்காங்க சார்."

"நடந்தா? ஏன், பஸ் இல்லையா?"

"இருக்கு சார். மெயில்ல மிரட்டுனதால யாரும் கூட ஏற மாட்டேங்கறாங்க சார்." பிரிண்ட் எல்லாத்தையும் நீட்டுனேன்.

பொரட்டிப் பாத்தாரு. "இது சம்பந்தமா எஃப்ஐஆர் இருக்கா?"

"ரசீது இருக்கு சார்."

"ரசீதுன்னா குத்தம் நடந்ததா போலீஸே நெனைக்கலைன்னு அர்த்தம். அப்ப நான் என்ன பண்ண முடியும் தம்பி?"

லாரி ஓனரு என்னைப் பாத்து ரொம்பப் பாசமா, "பாவம், அந்தப் புள்ள மனசொடிஞ்சு போயிருக்குதுங்க, தம்பி போனதுல இருந்து"ன்னாரு.

மனுதாரர் வரலன்னு எழுதி மனுவ முடிச்சாங்க. அக்கா மலை எறங்கி, அடிவாரத்துல வேற பஸ் புடிச்சு வந்து சேந்தப்ப ஆபீஸ கூட்டிப் பெருக்கிட்டிருந்தாங்க. காலெல்லாம் முள்ளுக் கிழிசல். வெறும் நாற்காலியப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. தண்ணி மட்டும் கேட்டாங்க.

அப்புறம் ஒண்ணுமே நடக்கல. எல்லாரும் இதத்தான் சொன்னாங்க. ஏட்டு சொன்னாரு, "பாத்தியா, ஒண்ணும் நடக்கல, சும்மா மிரட்டலு." மேனேஜர் சொன்னாரு. எங்கப்பா கூடச் சொன்னாரு. ஒரு வண்டியும் கவுறல, அக்காமேல ஒரு கீறல் இல்ல, முள்ளுக் கீறலத் தவிர. ஒண்ணும் நடக்கல.

டேய் பசங்களா, எல்லாமே நடந்து முடிஞ்சுதுடா. விசாரணைக்குப் போகக் கூடாதுன்னு நெனச்சான், போக முடியல. மனு சாகணும்னு நெனச்சான், செத்துச்சு. லாரி ஓடணும்னு நெனச்சான், இன்னைக்கும் மூட்டை மேல சனத்தோட ஓடுது. இதுக்கு மேல அவன் எதுக்குடா கத்திய எடுக்கணும்? கத்தி எடுத்திருந்தா மாட்டியிருப்பான். மிரட்டல்ங்கறது குத்தத்துக்கு முன்னாடி வர்ற டிரெய்லர்னு நெனைக்கறீங்க. அதுதான் படமே.

இன்னொரு கடுப்பு என்ன தெரியுமா? பின்னாடி ஒரு வக்கீல் பிரெண்டு சொன்னான், பேர மறச்சு மிரட்டுனா கூடுதல் தண்டனைன்னு வெள்ளக்காரன் காலத்துலயே எழுதி வச்சிருக்காங்களாம். அப்ப மொட்டக் கடுதாசி. சட்டம் இல்லாம இல்ல. அந்த ஏட்டுக்கு ஒரு வாய் வேணும், கை காட்ட ஒரு எடம் வேணும். கெடைச்ச ஒரே வாய் என்னுது. அந்த மிரட்டலுக்கு இந்த ஒலகத்துல தண்டனை அனுபவிச்ச ஒரே ஆளு நான்தான், ஒரு செம்பு மஞ்சத் தண்ணி.

அதனால புதுசா சட்டம் வந்தா வரட்டும். ஆனா அத எழுதிக்கறவன் கைல பேனா எப்படி நிக்குதுன்னு பாக்காம நான் கை தட்ட மாட்டேன்.

போன மாசம் மலைக்குப் போயிருந்தேன். மையம் இருந்த எடத்துல இப்ப சிம் கார்டு விக்கறாங்க. பஸ்ஸுல எறங்கறப்ப ஒரு வளைவுல ரோட்டோரமா அக்காவப் பாத்தேன். தலைல சும்மாடு, மேல பலாப்பழ மூட்டை, பாதையப் பாத்து நடந்து போயிட்டிருக்காங்க. கண்டக்டர் புதுப் பையன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, வண்டிய நிறுத்த விசில் அடிக்கப் போனான். பக்கத்துல இருந்த அம்மா, "அது ஏறாது, நீ போ"ன்னுச்சு. நான் எறங்கிட்டேன்.

"அக்கா, இன்னுமா நடக்கறீங்க? வருசக்கணக்காச்சு. அந்த மெயில் எல்லாம் எப்பவோ நின்னு போச்சே."

நின்னுச்சான்னு நெசமா எனக்குத் தெரியாது. அக்காவோட ஐடிய ரொம்ப நாளா யாரும் தொறக்கலைன்னு மெயில் கம்பெனிக்காரன் கணக்கையே அழிச்சுட்டான், நான் போயிப் பாத்தேன். அந்த ஐடியப் போட்டு, பாஸ்வேர்டுக்கு அவங்க தம்பி பேர அடிச்சா, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு வருது. அந்த மெயில் எல்லாம் அதோட போச்சு, சாட்சியும் போச்சு.

அக்கா மூட்டைய எறக்கல. மூச்சு வாங்கிக்கிட்டு நின்னு, பழைய மாதிரியே என் மூஞ்சியப் பாத்தாங்க.

"நின்னு போச்சுன்னு யாரு கண்ணு சொன்னா? படிச்சுச் சொல்லத்தான் இப்ப ஆளில்ல."